பின் சீட்டில் இருந்து பார்ப்பவர்

மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூரில் ஒருவர் பழைய கார் வாங்க நினைத்தால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். அடுத்து பர்ஸானாவைக் கூப்பிடுவார். மெக்கானிக் பொனட்டைத் திறப்பார். பர்ஸானா செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பின் கதவைத் திறந்து, இடப்பக்கச் சீட்டில் ஏறி இருந்து கதவைச் சாத்திக்கொள்வார். பத்து நிமிடம் யாரும் அவரோடு பேசக் கூடாது.

வெளியே நிற்பவர்களுக்கு அவர் கண்ணயர்ந்துவிட்டது போலத் தெரியும். ஆனால் கைகள் வேலை செய்துகொண்டிருக்கும். பெருவிரல் தையலோடு தையலாகப் போகும். சீட்டின் அடியும் முதுகும் சேரும் இடுக்கில் நான்கு விரல்கள் இறங்கும். பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்து, சுருளுக்குள்ளே மறைந்திருந்த பகுதியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். பிறகு இறங்கி முட்டிபோட்டு, முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தை விரலால் ஒரு தேய் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைப்பார். கடலோடு கலக்கும் வாவித் தண்ணீர் ஏறிய வண்டி உப்புக் கரிக்கும். மழை வெள்ளம் ஏறிய வண்டியில் மண் மட்டும்தான். இரண்டுமே கூடாது என்றாலும், உப்பு உள்ளுக்கிருந்தே தின்னும் என்பார்.

நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. மூன்று வருடமாக அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்து கொடுக்கிறேன். ஊரில் வாங்குகிறவர்களுக்குத் தமிழில் ஒன்று, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிற அவர்களுடைய அண்ணன் தம்பிகளுக்கு ஆங்கிலத்தில் ஒன்று. நான் அவரை, அக்கா என்ற பொருளில், ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் அறிக்கையில் பெயரை மட்டும் போடச் சொல்வார். ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

பர்ஸானா பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவர். இருபத்திரண்டாம் வயதில் குவைத்துக்குப் போய், ஓர் அரசாங்க அதிகாரியின் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதும் கூட்டிவருவதும் அவருடைய பொறுப்பு. டிரைவர் முன்னால், பிள்ளைகளும் இவரும் பின்னால். ஒரு நாளைக்கு நாலு தரம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அந்த அதிகாரி காரை மாற்றுவார். ஆனால் தரத்தை மாற்றமாட்டார். ஆடம்பரக் கார் செய்கிற கொம்பனிகளின் வரிசையில் முதற்படியில் நிற்கும் நடுத்தரச் செடான்தான் எப்போதும்.

“அது பணக்காரன் வாங்குற கார் இல்ல,” என்று பர்ஸானா ஒருமுறை எனக்கு விளக்கினார். “பணக்காரனாகப் போறன் எண்டு நினைக்கிறவன் வாங்குற கார். அதால முன் சீட்ட நல்லாச் செய்வாங்க. ஓட்டுறவன்தானே வாங்குறவன். பின் சீட்டுலதான் காச மிச்சம் பிடிப்பாங்க.”

பதினொரு வருடத்தில் அப்படி நாலு கார்கள். ஒவ்வொன்றும் எந்த மாதத்தில் எந்தக் கதவின் றப்பரை இறுக விட்டது, எந்த ஓரத்தில் தோல் முதலில் வெடித்தது, நடுப்பகல் வெயிலில் நின்ற பிறகு பின்னால் குளிர் வர எத்தனை நிமிடம் எடுத்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிரிந்த தையலை வளைந்த ஊசியால் அவரே தைத்துவிடுவார். அதைப் பார்த்து அதிகாரியின் தம்பிமாரும் தங்கள் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தத் தொடங்கினார்கள்.

திரும்பி வந்து, கணவர் நௌஷாட்டின் கராஜுக்குப் பக்கத்திலேயே குஷன் கடை போட்டார். ஆட்டோ சீட், ஆட்டோ ஹூட், பிறகு பஸ் சீட். ஒரு நாள் புது ரெக்சின் போட வந்த வான் ஒன்றின் சீட்டைப் பிரித்தபோது பஞ்சுக்குள்ளே காய்ந்த பாசி கிடந்தது. வாங்கி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. வான்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த தடவை வாங்குவதற்கு முன்னால் பர்ஸானாவிடம் கொண்டுவந்தார். அப்படித்தான் தொடங்கியது.

பழைய கார்களை வாங்கி விற்கிற ‘கார் சேல்’ வைத்திருப்பவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பிரதான வீதியில் பெரிய கார் சேல் நடத்துகிற றிஸ்வி, ‘குஷன் தைக்கிற பொம்புள எஞ்சினுக்கு வைத்தியம் பாக்கிறா’ என்று கடைத்தெருவில் சொல்லிச் சிரித்தார் என்று கேள்விப்பட்டோம். நௌஷாட் அதற்கு, எஞ்சினை நான் பார்க்கிறேன், என்னை அவள் பார்க்கிறாள் என்று பதில் அனுப்பினார். ஆனாலும் நாலைந்து வருடத்தில் ‘பர்ஸானா பார்த்தது’ என்று சொன்னால் அந்த வண்டியைப் பற்றி மறு பேச்சு இல்லை என்றாகிவிட்டது. அந்த இரண்டு சொல்தான் அவருடைய சொத்து. இந்த வருடம் நோன்பு மாதத்தில் அது போய்விடப் பார்த்தது.

வாகன இறக்குமதி ஐந்து வருடம் நின்று திறந்திருந்தாலும், வரியால் புதுக் காரின் பக்கம் யாரும் போக முடியவில்லை. பழைய கார்களுக்குத்தான் கிராக்கி. அதற்கு மேல் போன வருடக் கடைசியில் வெள்ளம். நீரில் நின்ற கார்களைக் கழுவித் துடைத்து விற்கிறார்கள் என்ற பயம் எல்லோரிடமும் இருந்தது. வாவிக்கு மேற்கே, வெள்ளம் அதிகம் நின்ற படுவான்கரையிலிருந்து வருகிற வண்டி என்றால் வாங்குகிறவர்கள் இரண்டு முறை யோசித்தார்கள்.

செட்டிபாளையத்தில் உதயரூபன் என்பவர் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறார். இப்போதெல்லாம் பொம்பிளை மாப்பிள்ளை இறங்குகிற காரை முதலில் படம் பிடிக்கிறார்கள். ஆகவே ஒரு நல்ல வெள்ளைச் செடான் தேடிக்கொண்டிருந்தார். படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். பத்து வருடம் பழையது, பர்ஸானா குவைத்தில் ஏறித் திரிந்த அதே தரம். சொந்தக்காரி இரத்தினம்மா, ஓய்வு பெற்ற தாதி மேற்பார்வையாளர். உதயரூபனுக்குக் கார் பிடித்துவிட்டது. ஆனால் பின் சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தபோது உள்பகுதியில் மங்கிய மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை தெரிந்தது. அதைப் படம் எடுத்து பர்ஸானாவுக்கு அனுப்பினார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். நோன்பு பிடித்து இரண்டாவது கிழமை. பெருநாளைக்கு முன் முடித்துக் கொடுக்க வேண்டிய பஸ் சீட்டுகள் இருபத்து நாலு கடைக்குள் அடுக்கிக் கிடந்தன. பர்ஸானாவின் ஒரு கையில் நூல், மறு கையில் கத்தரிக்கோல். போனை அவருக்கு முன்னால் நான்தான் பிடித்தேன். படத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, நான் அழுத்திப் பிடித்த குரல் பதிவில் பேசினார்.

“வெள்ளம் போன வண்டிதான் தம்பி. கொக்கட்டிச்சோலை எண்டா கேக்கவும் வேணுமா? விட்டுட்டு வேற பாருங்க.”

நான் அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அதுவரைக்கும் அவர் ஒரு வண்டியையும் படத்தில் பார்த்துச் சொன்னதில்லை. அது எங்கள் இரண்டு பேருக்குமே அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

உதயரூபன் அந்தக் குரல் பதிவை, மற்றவர்களும் ஏமாறக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், மாவட்டத்து வண்டி வியாபாரிகள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். காரின் படமும் சேர்ந்து போனது. இலக்கத்தகடும் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் அந்தக் கார் எங்கள் குறுகிய ஒழுங்கைக்குள் வந்தது. ஓட்டி வந்தவர் இரத்தினம்மா. அறுபத்து நாலு வயது, வெள்ளைப் பூப்போட்ட நூல் சேலை, கண்ணாடி. மண்முனைப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு நகரத்துக்குள்ளால் தனியே ஓட்டி வந்திருந்தார். இறங்கும்போது வலது முழங்காலைக் கையால் பிடித்துத்தான் வெளியே எடுத்தார். கதவைச் சாத்தாமல் அப்படியே விட்டுவிட்டு, கடை வாசலில் நின்றார்.

“பர்ஸானா எண்டது ஆரு கா?”

பர்ஸானா எழுந்தார்.

“படத்தப் பாத்துச் சொல்லிட்டியாம். இந்தா, வண்டி வந்திரிக்கி. இப்ப பாத்துச் சொல்லு.”

குரல் உயரவில்லை. வாட்டில் நோயாளியின் கட்டிலருகே நின்று பேசிப் பழகிய குரல். முப்பத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நின்றவள், ஒருத்தரையும் தொட்டுப் பார்க்காமல் இன்ன வருத்தம், இன்ன நோய் என்று சொன்னதில்லை என்றும் சொன்னார். பர்ஸானா கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றினார்.

நான் எத்தனையோ தடவை அவர் அப்படி ஏறி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் கதவைச் சாத்த மறந்ததைக் கண்டேன். கறை வெள்ளக்கறையாக இருந்தால் பேச்சே இல்லை. இல்லாவிட்டால், குழுவில் இருநூறு பேர் கேட்ட குரல் பொய்யாகிவிடும். நௌஷாட் கராஜிலிருந்து எட்டிப் பார்த்தார். இரத்தினம்மா ஒரு பஸ் சீட்டின் மேலே இருந்து, கைப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்துக் கிள்ளத் தொடங்கினார். பிறகு நாங்கள் எல்லோரும் நோன்பு என்பது ஞாபகம் வந்தவர் போல மடித்து உள்ளே வைத்தார்.

இடப்பக்கப் பெல்ட்டில் கறை இருந்தது. வலப்பக்கப் பெல்ட்டை இழுத்தார். சுத்தம். நடுப் பெல்ட், முன்னிரண்டு பெல்ட்கள் எல்லாம் சுத்தம். வெள்ளம் என்றால் ஒரு ஆளுக்கு மட்டும் வராது. டிக்கியில் உபரிச் சக்கரக் குழியைத் திறந்து பார்த்தார். தூசிதான். கம்பளத்தைத் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சு பத்து வருடப் பஞ்சுக்கு உரிய நிறத்தில்தான் இருந்தது. ஆனால் இடப்பக்கத்து முன் சீட்டின் தண்டவாளத்தில் மட்டும் துரு. அங்கே விரலைத் தேய்த்தார். நாக்குக்குக் கொண்டுபோகப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நோன்பு.

நௌஷாட்டைப் பார்த்தார். அவரும் நோன்பு. நானும்தான்.

“அம்மா,” என்றார் இரத்தினம்மாவிடம், “இந்த ஒழுங்கைக்குள்ள இப்ப நோன்பில்லாத வாய் உங்கட ஒண்டுதான். கொஞ்சம் இதப் பாத்துச் சொல்றயளா, உப்பா எண்டு?”

இரத்தினம்மா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “என்ட வண்டிக்கு நானே சாட்சியா?”

“நீங்க பொய் சொல்லுற ஆளெண்டா இஞ்ச வரைக்கும் வந்திரிக்கமாட்டீங்க.”

அவர் எழுந்து வந்து, தானே தண்டவாளத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. உப்பு இல்லை, கசக்கிறது என்றார்.

கசப்பு என்றதும் பர்ஸானா திரும்பவும் முட்டிபோட்டார். நௌஷாட் டோர்ச் வெளிச்சம் காட்ட, வளைந்த ஊசியால் தண்டவாளத்தின் இடுக்கைக் கிளறி, பொடிப்பொடியாக எதையோ வெளியே இழுத்தார். காய்ந்த இலைத் தூள். ஒரு துண்டில் மட்டும் பல்லுப் பல்லான ஓரம் உடையாமல் இருந்தது. வேப்பிலை.

பர்ஸானா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

“வைகாசியில அம்மன் கோயில் சடங்குக்கு இந்த வண்டியிலதான் போனீங்களா அம்மா?”

இரத்தினம்மா பைக்குள் கையை விட்டு, ஒன்றையும் எடுக்காமல் வெளியே எடுத்தார்.

“போகக்குள்ள நான்தான் ஓட்டினன். வரக்குள்ள நான் ஓட்டல்ல.”

படுவான்கரைப் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் நடக்கிற சடங்கைப் பற்றி ஏறாவூரில் எல்லோருக்கும் தெரியும். நாள்கணக்கில் நடக்கும். தெய்வம் வந்து ஆடுகிறவர்களுக்கு மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக வார்ப்பார்கள். கையில் வேப்பிலை இருக்கும். முப்பத்தாறு வருடம் வெள்ளைச் சீருடையில் நின்ற இந்த அம்மாவில் ஒவ்வொரு வருடமும் தெய்வம் வருகிறது என்பதும், ஆடி முடிந்ததும் மருமகன் அவரை அப்படியே நனைந்த சேலையோடு பின் சீட்டில் இருத்தி, பெல்ட்டைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவான் என்பதும், போன வருடம் ஏழு நாளும் அப்படித்தான் என்பதும் பிறகு ஒவ்வொரு வசனமாக வெளியே வந்தது. உதயரூபனிடம் ஏன் சொல்லவில்லை என்று நௌஷாட் கேட்டார். கார் வாங்க வந்தவனுக்கு அதையெல்லாம் சொல்வதா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

“உங்கட வெத்திலப் பையில சுண்ணாம்பு இரிக்கா?” என்றார் பர்ஸானா.

சிறிய டப்பி ஒன்று கைமாறியது. விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, பெல்ட்டின் கறை மேல் வைத்தார். நாங்கள் நாலு தலைகளும் அந்தக் கதவுக்குள்தான். மஞ்சள் கறை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமச் சிவப்பாக மாறியது.

சேறென்றால் சுண்ணாம்புக்கு அசையாது. குவைத்துக்குப் போன முதல் மாதத்தில், கறி பட்ட விரிப்பை பர்ஸானா சவர்க்காரம் போட்டுத் துவைக்க, அது சிவந்துபோய், இரத்தம் என்று வீட்டுக்காரி அலறினாளாம். மஞ்சளுக்குச் சவர்க்காரம், சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் என்ன நடக்கும் என்று அன்றைக்குக் கண்டது. பெல்ட்டின் வெளிப்பக்கத்தில் மஞ்சள் இல்லாததற்கும் காரணம் சொன்னார். மஞ்சள் வெயிலில் போய்விடும். சுருளுக்குள் வெயில் படாத இடத்தில்தான் தங்கும்.

இரத்தினம்மா சிவந்த பொட்டை நீண்ட நேரம் பார்த்தார். கும்பிடவில்லை. கை மட்டும் ஒரு தரம் நெஞ்சுக்கு வந்து போனது.

“அப்ப வெள்ளம் இல்லயே.”

“இல்லம்மா. நான் சொன்னது பிழை.”

அதோடு அவர் முடித்திருக்கலாம். ஆனால் வண்டியை முழுதாகப் பார்க்காமல் விடமாட்டேன் என்று சொல்லி, பஸ் சீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லோரையும் காரில் ஏற்றினார். நௌஷாட் ஓட்ட வேண்டும் என்றதற்கு இரத்தினம்மா இலேசில் சம்மதிக்கவில்லை. பிறகு முழங்காலுக்காக இறங்கி வந்தார். செங்கலடிச் சந்தியால் திரும்பிப் பதுளை வீதியில் போனோம். பர்ஸானா இடப்பக்கம் பின்னால், நான் வலப்பக்கம். அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன்.

அந்தக் குறிப்பிலிருந்து வந்த அறிக்கை இரண்டு பக்கம். அவர் எழுதுவித்ததிலேயே நீளமானது அதுதான். எஞ்சின் நல்ல ஆரோக்கியம், கியர் மாறுவது பின் சீட்டில் தெரியவில்லை. எண்பதில் போகும்போதும் குரலைத் தணித்துப் பேசலாம், ஆனால் இடது பின் கதவின் றப்பர் இறுகிவிட்டதால் எழுபதுக்கு மேல் ஒரு விசில் வருகிறது, மாற்ற வேண்டும். ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பிறகு பின்னால் குளிர் வர மூன்று நிமிடம். நல்ல வீதியில் மெத்தை போல ஓடுகிறது, உடைந்த வீதியில் டயர் மெல்லிசு என்பதால் ஒவ்வொரு குழியும் இடுப்புக்கு வருகிறது. வண்டி பதிவு, நிலத்தோடு தாழ்ந்து நிற்கிறது. கீழ்த்தட்டில் உரசல்கள் இருக்கின்றன. இந்த இடத்தில் இரத்தினம்மா குறுக்கிட்டு, அது தான் உரசியதில்லை, ரோட்டுத்தான் வந்து உரசியது என்றார். உதிரிப் பாகம் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமையாவது ஆகும், ஆகவே கல்யாண மாதங்களுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு உதயரூபனுக்கென்றே ஒரு பகுதி. பின்னால் இரண்டு பேருக்குத்தான் உண்மையான சீட். நடுவில் நிலம் மேடாக இருப்பதால் மூன்றாவது ஆள் காலை அகட்டித்தான் இருக்க வேண்டும். மணப்பெண்ணின் தோழியையும் ஏற்றலாம் என்று வாடிக்கைக்காரருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். கூரை பின்னால் சரிகிறது. பர்ஸானா தன் சால்வையைச் சுருட்டித் தலைப்பாகை உயரத்துக்கு நௌஷாட்டின் தலையில் வைத்து, அவரைப் பின்னால் இருத்திப் பார்த்தார். மனிதருடைய கழுத்து மடங்கியது. தலைப்பாகையை மண்டபத்து வாசலில்தான் கட்ட வேண்டும் என்று எழுதச் சொன்னார். தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்த நௌஷாட், இந்த வயதில் இன்னொரு தரம் மாப்பிள்ளையாக முடியாது போலிருக்கிறது என்றார். இரத்தினம்மா அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

இடது பின் சீட்டின் தோலிலும் மங்கிய மஞ்சள் இருந்தது. புதுத் தோல் போட்டால் பர்ஸானாவின் கடைக்குத்தான் வேலை. ஆனால் அறிக்கையில், ஒரு கிழமை கதவைத் திறந்து வெயிலில் விட்டால் போதும், தோலை மாற்றத் தேவையில்லை என்று எழுதுவித்தார்.

பின்னேரம் உதயரூபன் வந்தார். அவரோடு றிஸ்வியும் வந்திருந்தார். தன் கார் சேலிலிருந்து வேறொரு செடானை உதயரூபனுக்குப் பேசிக்கொண்டிருந்தார் போலும். நான் அறிக்கையின் முதல் வரியைத் தட்டச்சுச் செய்திருந்தேன். ‘நேரடிப் பரிசோதனையின் பின்னர், முன்னைய கருத்து திருத்தப்படுகிறது’ என்று. மரியாதையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆங்கிலத்திலும் அதே போல யார் செய்தது என்று தெரியாத வசனம் ஒன்று வைத்திருந்தேன்.

பர்ஸானா திரையைப் பார்த்து வாசித்தார்.

“இதுல நான் எங்க?”

நான் விசைகளிலிருந்து கையை எடுத்தேன்.

“பிழை எண்டு போடுங்க. பர்ஸானா படத்தப் பாத்துச் சொன்னது பிழை எண்டு. மத்த மொழியிலயும் அதே சொல்லு. பின்ன வாறவன் அத வாசிச்சிட்டுக் குழம்பக் கூடாது.”

அழித்துவிட்டு அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுத்து, அதே குழுவுக்குத் தன் குரலையே பதிவு செய்தார். ஸலாமும் வணக்கமும் சொல்லி, தன் பெயரைச் சொல்லி, செவ்வாய்க்கிழமை சொன்னது பிழை என்றும், கார் வெள்ளம் காணாத கார் என்றும், பிழை தன்னுடையது, காரின் சொந்தக்காரியுடையது அல்ல என்றும் சொன்னார். சடங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. மஞ்சள் கறை என்றார், அவ்வளவுதான். இரத்தினம்மா அதைக் கவனித்தார்.

றிஸ்வி வாசலில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“ஒரு கிழமைக்குள்ள ரெண்டு சொல்லு, ராத்தா. இனி நீங்க சொல்றத மனிசர் எப்பிடி நம்புற?”

“நம்ப வேணாம் றிஸ்வி. அடுத்த வண்டிக்கு நீங்களும் வந்து பக்கத்துல இருந்து பாருங்க.”

றிஸ்வி போய்விட்டார். உதயரூபன் இரண்டு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார். தலைப்பாகை வரியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, தவறு தன்னுடையதும்தான், கேட்காமல் குழுவில் போட்டது தான்தான் என்று இரத்தினம்மாவிடம் சொன்னார். இரத்தினம்மா, “வண்டி வேணுமா வேணாமா, அதச் சொல்லு மனே,” என்றார். வேணும் என்றார்.

ஆனால் குழுவில் அந்தக் குரலுக்குக் கீழே சிரிப்புப் படங்கள்தான் வந்தன. வெற்றிலைப் படம் போட்டவர்களும் உண்டு. சுண்ணாம்புக் கதை எப்படியோ வெளியே போயிருந்தது. பெருநாள் வரைக்கும் ஒருவரும் வண்டி பார்க்கக் கூப்பிடவில்லை. வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு பேர் வேறு ஆளைப் பிடித்தார்கள். பர்ஸானா இருபத்து நாலு பஸ் சீட்டுகளையும் தைத்து முடித்தார். ஒரு நாள், நூலை ஊசியில் கோக்கும்போது, அந்தக் குரலைத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார். பிழை என்ற சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்கத்தான். கேட்டது.

பெருநாள் முடிந்து ஒன்பதாம் நாள், நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாம்பல் நிறச் செடான் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் றிஸ்வி. கண்டியிலிருந்து எடுத்த வண்டி, நாளைக்குக் கார் சேலில் நிறுத்தப் போகிறேன், அதற்கு முன் பார்த்துத் தர வேண்டும் என்றார். ஏன் இங்கே என்று நௌஷாட் கேட்கப் போனதை நான் கண்ணால் தடுத்தேன். அவராகவே சொன்னார். அவரிடம் கார் பார்க்க வருகிறவர்கள், பிழை என்று குழுவில் சொன்ன அந்தப் பெண் இதைப் பார்த்தாரா என்று கேட்கிறார்களாம். ஒரு கிழமைக்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்களாம்.

“வண்டி பாக்கிற மத்தவங்கள் எல்லாம் எல்லாமே நல்லம் எண்டுதானாம் சொல்றாங்கள்,” என்றார் தரையைப் பார்த்தபடி.

பர்ஸானா செருப்பைக் கழற்றினார். றிஸ்வியை வலப்பக்கச் சீட்டில் இருத்தினார். கார் சேல்காரர் பத்து நிமிடம் வாயே திறக்கவில்லை. வண்டி பரவாயில்லை. ஆனால் வலது முன் சீட்டை ஒருமுறை கழற்றிப் பூட்டியிருந்தார்கள், தையல் கொம்பனித் தையல் அல்ல. விபத்தில் விரிகிற காற்றுப்பையின் வயர் வேறு நிறத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. அதை எழுதினால் விலை இறங்கும். எழுதச் சொன்னார். றிஸ்வி இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்காமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் நான் பிரதான வீதியால் போனபோது அந்தச் சாம்பல் நிறக் கார் முன் வரிசையில் நின்றது. முன் கண்ணாடிக்கு உள்ளே அறிக்கை ஒட்டியிருந்தது, தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம். ஒட்டு வயரைப் பற்றிய வரிக்கு மேல் எதுவும் ஒட்டி மறைக்கப்படவில்லை. இரண்டு பேர் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விரலை வைத்துக் கீழே இறங்கி, பர்ஸானாவின் பெயர் இருக்கிற இடத்தில் நிறுத்தி, மற்றவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் வீதியைக் கடக்காமல், அவர்கள் வாசித்து முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.